கணக்குக் கேள், தோழா!

தோழா!

அரியலூரைக் கண்டிருப்பாய். மண்ணுக்கு அடியிலே சுண்ணாம்புக்கல். மண்ணுக்கு மேலே லாரிப் புழுதி! கல், ஆலைக்குச் செல்கிறது. சிமெண்டாகி மாளிகைக்குச் செல்கிறது. ஊருக்கு மிஞ்சுவதோ குழி!

குழியைப் பெற்ற மக்களுக்கு ஈடு என்ன? 2015-இல் திருத்தப்பட்ட கனிமச் சட்டமும் அதன் விதிகளும் விடையளித்தன. சுரங்கம் உள்ள மாவட்டந்தோறும் கனிம அறக்கட்டளை. ராயல்டிக்கு மேல், அதில் 100-க்கு 30 பங்கு பழைய குத்தகைதாரரும், 10 பங்கு புதியவரும் அதற்குச் செலுத்த வேண்டும். குடிநீருக்கு, மருத்துவத்துக்கு, கல்விக்கு அப்பணம்! வந்தது எவ்வளவு, எவ்வூரில் எப்பணி என்பதை இணையத்தில் வெளியிட வேண்டும் என்பதும் நெறிமுறை.

திறந்து வைக்க வேண்டிய ஏடு அது. திறந்ததைப் படிக்காமல், மறைத்துவிட்டார்கள் என்று மேடையில் முழங்கிப் பயனென்ன?

ஆகவே, கிராம சபைக்கு வெறுங்கையோடு செல்லாதே. கணக்கின் படியோடு செல். ‘குடிநீர்த் தொட்டி’ என்றிருந்தால், முன்னதாகவே போய்த் தட்டிப் பார். வெற்றொலி வந்தால், சபையிலே தட்டிக் கேள்! கணக்கே காணோமெனில், 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேள்.

மாற்றார் ஆட்சியாயினும் கேள்; நம்மவர் ஆட்சியாயினும் கேள். நம்மவரிடம் கேட்கக் கூசும் நாக்கு, மாற்றாரிடம் கேட்கும் தகுதியை இழந்துவிடும், தோழா!