வேலையை விட்டு நின்றால் சிறை. சம்பளம் தராவிட்டால் வெறும் பாக்கி!

முதலில் ஒரு சட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். படித்துவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

ஒப்பந்தப்படி வேலைக்குச் சேர்ந்த தொழிலாளி, காலம் முடிவதற்குள் வேலையை விட்டுப் போனால் அது குற்றம். மாஜிஸ்திரேட் அவனுக்கு மூன்று மாதம் வரை கடுங்காவல் கொடுக்கலாம். அதே ஒப்பந்தத்தை முதலாளி மீறினால்? சம்பளம் தராமல் இழுத்தடித்தால்? அது குற்றமல்ல, வெறும் பாக்கி. "கொடுத்துவிடு" என்று மாஜிஸ்திரேட் உத்தரவு போடலாம், அவ்வளவுதான். இன்னொன்றையும் கேளுங்கள். அந்த வழக்கில் முதலாளி கூண்டேறிச் சாட்சி சொல்லலாம். தொழிலாளியோ குற்றவாளிக் கூண்டில் நிற்பவன். தனக்காகத் தானே சாட்சி சொல்ல முடியாது. தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் அந்த வட்டாரத்து நிலவுடைமையாளர் அல்லது ஆலைக்காரர்.

இது பிரிட்டனின் 1823-ஆம் ஆண்டு எஜமானர் - வேலையாள் சட்டம். உலகுக்கே நாடாளுமன்ற ஆட்சியைக் கற்றுக்கொடுத்ததாகப் பெருமைப்படும் நாட்டின் சட்டம். 1858 முதல் 1875 வரை இங்கிலாந்திலும் வேல்சிலும் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 10,000 தொழிலாளர்கள் இப்படிப்பட்ட வழக்குகளில் நிறுத்தப்பட்டனர்.

ஏன் இந்தப் பழங்கதை என்று கேட்பீர்கள். சோசலிசம், புரட்சி என்ற சொற்களைக் கேட்டதுமே நம்மவர்கள் பலருக்கு உதறல் எடுக்கிறது. என் அலுவலகத்துக்கு வரும் தொழிலாளர்கள் ஒரு மகஜரில் கையெழுத்துப் போடுவதற்குள் மூன்று முறை கேட்பார்கள்: "இதனால பிரச்சினை ஏதும் வருமா சார்?" சட்டத்தை மதிக்கிறவர்கள் வீட்டில் இருப்பார்கள், மதிக்காதவர்கள்தாம் தெருவுக்கு வருவார்கள் என்ற எண்ணம் நம் தலையில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. ஐரோப்பாவின் வரலாற்றைப் படித்தால் இந்த எண்ணம் நிற்காது. 19-ஆம் நூற்றாண்டில் தெருவுக்கு வந்த தொழிலாளர்களில் மிகப் பலர் முதலில் சட்டத்தின் கதவைத்தான் தட்டினார்கள். அந்தக் கதவு உள்ளிருந்து பூட்டப்பட்டிருந்தது.

நீராவி இயந்திரமும் நூற்பாலையும் வந்தபோது இங்கிலாந்தின் லங்காஷயர் வட்டாரமே தலைகீழாக மாறியது. குடிசையில் தறி வைத்து நெய்தவன் ஆலை மணிக்கு ஓடுகிறவன் ஆனான். பிள்ளைகளும் ஓடினார்கள். ஒன்பது வயதுக்கும் குறைந்த குழந்தைகளை நெசவாலைகளில் வேலைக்கு வைக்கக்கூடாது என்று உருப்படியாக ஒரு சட்டம் வந்ததே 1833-இல்தான். அதிலும் பட்டு ஆலைகளுக்கு விலக்கு! ஒன்பது வயதுப் பிள்ளை நாளுக்கு ஒன்பது மணி நேரம் வேலை செய்யலாம் என்று அதே சட்டம் அனுமதித்தது. இதையெல்லாம் கண்காணிக்க நாடு முழுவதற்கும் நான்கே ஆய்வாளர்கள். மான்செஸ்டர் தொழிலாளர்களின் நிலையைப் பற்றி 1845-இல் புத்தகம் எழுதி உலகுக்குச் சொன்ன பிரெடரிக் எங்கெல்சின் அப்பாவே அந்த நகரத்தில் ஓர் ஆலையின் பங்குதாரர். மகன் ஆலைக் கணக்கையும் பார்த்தார், சந்துகளையும் பார்த்தார்.

சம்பளத்தைக் குறைத்தால் தொழிலாளி என்ன செய்வான்? தனியாகப் போய்க் கேட்டால் வாசலைக் காட்டுவார்கள். பத்துப் பேர் சேர்ந்து போய்க் கேட்டால்? அது சதி! பிரான்சில் பாஸ்டில் சிறையை மக்கள் தகர்த்தது 1789-இல். சுதந்திரம், சமத்துவம் என்று முழங்கிய அந்தப் புரட்சியின் சபையே இரண்டு ஆண்டுகள் கழித்து, 1791 ஜூன் மாதம், தொழிலாளர்கள் கூட்டாகச் சேர்ந்து கூலி பேசுவதைத் தடை செய்தது. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த லெ ஷாப்லியே ஒரு வழக்கறிஞர். என் தொழில்காரர்தான், என்ன செய்வது! எஜமானும் கூலியாளும் சுதந்திரமான இரண்டு மனிதர்கள், ஆளுக்கு ஆள் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்பது அந்தச் சட்டத்தின் தத்துவம். பசியோடு இருப்பவனும் களஞ்சியம் வைத்திருப்பவனும் சமமாக உட்கார்ந்து பேரம் பேசுவார்களாம். பிரிட்டன் 1799-இலும் 1800-இலும் இதே வழியில் சட்டம் போட்டது. 1800-ஆம் ஆண்டுச் சட்டம் முதலாளிகள் கூட்டுச் சேர்வதையும் எழுத்தில் தடுத்தது. நடைமுறையில் சிறைக்குப் போனவர்கள் தொழிலாளர்கள்தாம்.

எல்லா வழியும் அடைபட்டபோது 1811, 1812 ஆண்டுகளில் லுட்டைட்டுகள் இரவில் போய் இயந்திரங்களை உடைத்தார்கள். உடைத்தால் தூக்கு என்று 1812-இல் சட்டம் வந்தது. 1813 ஜனவரியில் யார்க் நகரில் மட்டும் 17 பேர் தூக்கிலிடப்பட்டனர். இயந்திரத்தை உடைத்ததால் அவர்கள் நிலை நிரந்தரமாக மாறியதாகச் சொல்ல முடியாது. அந்த வழி சரி என்று நான் வாதாடவும் வரவில்லை.

1834-ஆம் ஆண்டுக்கு வருவோம். அந்த ஒரே வசந்த காலத்தில் இரண்டு நாடுகளில் நடந்ததைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இங்கிலாந்தின் டார்செட் மாவட்டத்தில் டால்படல் என்று ஒரு சிற்றூர். அங்கே விவசாயக் கூலிகளின் வாரச் சம்பளம் ஒன்பது ஷில்லிங்கிலிருந்து எட்டு, பிறகு ஏழு என்று இறங்கியது. அடுத்து ஆறு என்று சொல்லிவிட்டார்கள். ஜார்ஜ் லவ்லெஸ் என்ற கூலித் தொழிலாளி, கிறிஸ்தவ மதப் போதகரும்கூட, தம் ஊராரைச் சேர்த்து ஒரு சங்கம் அமைத்தார். அப்போது தொழிற்சங்கம் அமைப்பது குற்றமல்ல. பழைய தடைச் சட்டம் 1824-இல் நீக்கப்பட்டுவிட்டது. அப்படியானால் அவர்களை எப்படிப் பிடிப்பது?

இங்கேதான் சட்டம் படித்தவர்களின் மூளை வேலை செய்தது. 1797-இல் கடற்படை மாலுமிகள் கலகம் செய்தபோது, இரகசியச் சத்தியம் செய்துகொள்வதைத் தடுக்க ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். டால்படல் கூலிகள் சங்கத்தில் சேரும்போது சத்தியம் செய்தார்கள் அல்லவா? போதும்! படைவீரர்களின் கலகத்தை அடக்க எழுதிய சட்டத்தை, ஏர் பிடிப்பவர்கள்மேல் போட்டார்கள். மார்ச் மாதம் ஆறு பேருக்கு ஏழு ஆண்டுகள் நாடுகடத்தல் தண்டனை. கப்பலேற்றி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள். ஊரில் இருந்த மனைவி மக்களுக்கு ஏழைகளுக்கான ஊர் உதவியும் மறுக்கப்பட்டது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஏப்ரல் 21-ஆம் தேதி இலண்டனில் பல்லாயிரக்கணக்கான தொழிலாளர்கள் அமைதியாக ஊர்வலம் போனார்கள். கூட்டமாக வந்து கொடுத்த மகஜரை உள்துறை அமைச்சர் மெல்பர்ன் பிரபு வாங்க மறுத்தார். தொழிலாளர்கள் விடவில்லை. சில்லறை சில்லறையாகச் சேர்த்து அந்தக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். நாடாளுமன்றத்தில் விடாமல் கேள்வி கேட்க வைத்தார்கள். 1836-இல் அரசு பணிந்து மன்னிப்பு வழங்கியது. 1837 முதல் அவர்கள் ஊர் திரும்பத் தொடங்கினார்கள்.

அதே ஏப்ரலில் பிரான்சின் லியோன் நகரம் இரத்தத்தில் கிடந்தது. இதற்கு முன்கதை உண்டு. பட்டு நெசவுக்குப் பெயர்போன ஊர் அது. 1831-இல் நெசவாளர்கள் குறைந்தபட்சக் கூலி விகிதம் கேட்டார்கள். மாவட்ட ஆட்சியாளரே இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசி, அக்டோபரில் ஒரு விகிதத்தை ஒப்புக்கொள்ள வைத்தார். வணிகர்களில் ஒரு பகுதியினர் "இது தொழில் சுதந்திரத்துக்கு எதிரானது, சட்டப்படி செல்லாது" என்று தர மறுத்தார்கள். பாரிஸ் அரசும் அவர்கள் பக்கம் நின்றது. நவம்பர் 21-இல் நெசவாளர்கள் கறுப்புக் கொடியோடு இறங்கினார்கள்: உழைத்து வாழ்வோம், இல்லையேல் போராடிச் சாவோம்! சில நாட்கள் நகரமே அவர்கள் கையில் இருந்தது. பெரும் படை வந்தது. கூலி விகிதம் இரத்துச் செய்யப்பட்டது. பேசித் தீர்த்து வைத்த ஆட்சியாளருக்கு என்ன ஆனது தெரியுமா? பதவி போனது!

பிரெஞ்சுத் தண்டனைச் சட்டத்தின் 291-ஆவது பிரிவு, இருபது பேருக்கு மேல் உள்ள எந்தச் சங்கத்துக்கும் அரசு அனுமதி வேண்டும் என்றது. அதனால் நெசவாளர்கள் இருபதுக்கும் குறைவான சிறு குழுக்களாகப் பிரிந்து சங்கத்தை நடத்தினார்கள். சட்டத்தை மதித்துத்தான் அப்படிச் செய்தார்கள். 1834 ஏப்ரலில் அந்த இடைவெளியையும் அடைத்தார்கள்: சிறு குழுவாகப் பிரிந்தாலும் குற்றம்! நகரம் மீண்டும் எழுந்தது. ஏப்ரல் 9 முதல் ஒரு வாரம் தெருச்சண்டை. சுமார் 300 பேர் இறந்தார்கள்.

லியோன் நெசவாளர் டால்படல் கூலியைவிட முரடர் என்று யாராவது சொல்வார்களா? ஒரு நாட்டில் ஊர்வலம் போகவும் சங்கம் வைக்கவும் ஒரு சந்தாவது திறந்திருந்தது. இன்னொரு நாட்டில் அந்தச் சந்தையும் அடைத்தார்கள். புரட்சி எங்கிருந்து வருகிறது என்று தேடுகிறவர்கள் இந்த இரண்டு ஊர்களையும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். புத்தகம் படித்து மக்கள் கெட்டுப்போனார்கள் என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. மார்க்சும் எங்கெல்சும் எழுதிய கம்யூனிஸ்ட் அறிக்கை 1848 பிப்ரவரியில் இலண்டனில் ஜெர்மன் மொழியில் ஒரு சிறு வெளியீடாக வந்தது. அதே மாதம் பாரிசில் மன்னராட்சி கவிழ்ந்தபோது அதைப் படித்திருந்த பாரிஸ் தொழிலாளி எத்தனை பேர் இருந்திருப்பார்கள்!

அந்தப் புரட்சி, வேலை பெறுவது உரிமை என்று அறிவித்து, தேசியத் தொழிற்கூடங்களைத் திறந்தது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிந்தார்கள். ஜூன் மாதம் அவற்றை மூட முடிவு செய்தார்கள். 23 முதல் 26 வரை நான்கு நாள் சண்டையில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் கொல்லப்பட்டனர். சுட உத்தரவிட்டது மன்னர் அல்ல, மக்கள் வாக்களித்து வந்த குடியரசு. சோசலிசம் தனி இயக்கமாக வேர்பிடித்ததில் இந்தக் காயத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கருத்து. வாக்குரிமை மட்டும் போதும் என்ற நம்பிக்கை பலருக்கு அந்த ஜூனில் போய்விட்டது.

ஜெர்மனியில் பிஸ்மார்க் இரண்டு கைகளையும் பயன்படுத்தினார். 1878-இல் சோசலிஸ்டுகளின் சங்கங்களையும் கூட்டங்களையும் பத்திரிகைகளையும் தடை செய்தார். மறு கையால் 1883-இல் நோய்க் காப்புறுதி, 1884-இல் விபத்துக் காப்புறுதி, 1889-இல் முதியோர் ஓய்வூதியம் கொடுத்தார். உங்கள் சம்பளச் சீட்டில் சொக்சோ என்று ஒரு வரி இருக்கிறதே, அந்த மாதிரித் திட்டத்துக்கு அன்றைய ஜெர்மனிதான் முன்னோடி. இரக்கத்தால் வந்ததல்ல அது. சோசலிஸ்டுகளுக்குப் பயந்து வந்தது. பயனும் இல்லை. 1877-இல் ஐந்து இலட்சத்தை எட்டாத சோசலிஸ்டு வாக்குகள் 1890-இல் 14 இலட்சத்தைத் தாண்டின. தடைச் சட்டம் அந்த ஆண்டே காலாவதியானது.

ரஷ்யாவில் 1905 ஜனவரியில் தொழிலாளர் குடும்பங்கள் சாமி படங்களையும் மன்னரின் படத்தையும் ஏந்தி மகஜர் கொடுக்கப் போனார்கள். படை சுட்டது. பன்னிரண்டு ஆண்டுகளில் அந்த மன்னராட்சியே இல்லை. அதன்பின் தொழிலாளர் பெயரால் ஆட்சிக்கு வந்தவர்கள் சுதந்திரமான தொழிற்சங்கத்தை விட்டுவைத்தார்களா? இல்லை. 1921-இல் கிரான்ஸ்டாட் மாலுமிகள் சுதந்திரமான சங்கமும் தேர்தலும் கேட்டபோது அங்கும் பீரங்கிதான் பதில் சொன்னது. பூட்டுகிறவர் எந்தக் கொடியைப் பிடித்திருந்தாலும் பூட்டு பூட்டுதான்.

தொடக்கத்தில் சொன்ன 1823-ஆம் ஆண்டுச் சட்டம் என்ன ஆனது? 1867-இல் ஒரு வழக்கு வந்தது. சங்கப் பணம் 24 பவுண்டைப் பொருளாளர் வைத்துக்கொண்டு தர மறுத்தார். சங்கத்தின் நோக்கமே தொழிலுக்குத் தடையானது, எனவே சட்டப் பாதுகாப்புக் கிடையாது என்று நீதிமன்றம் கைவிரித்தது. பணத்தை எடுத்தவன் வீட்டுக்குப் போனான்! அதே ஆண்டில்தான் நகரத் தொழிலாளர்களில் பெரும்பகுதிக்கு வாக்குரிமையும் கிடைத்தது. மறு ஆண்டே மான்செஸ்டரில் தொழிற்சங்கங்கள் ஒன்றுகூடித் தங்கள் காங்கிரசைத் தொடங்கின. சிறைத் தண்டனையை நீக்கு என்று வேட்பாளர்களை வாசல் வாசலாக மறித்துக் கேட்டார்கள். 1875-இல் அந்தச் சட்டத்தை ஒழித்தவர் டிஸ்ரேலி. தொழிலாளர் தலைவர் அல்ல, பழைமைவாதக் கட்சிப் பிரதமர். வாக்கு எண்ணத் தெரிந்தவர்.

ஆக, 1875 முதல் பிரிட்டனில் வேலையை விட்டுப் போகிற சாதாரணத் தொழிலாளி சிறைக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் அதே பிரிட்டிஷ் கொடி பறந்த மலாயாவில், கப்பலேறி வந்த நம் முன்னோர்கள் சஞ்சிக்கூலிகளாகக் கைநாட்டு வைத்தார்கள். தோட்டத்தை விட்டு ஓடினால் அவர்களுக்குச் சிறை. அந்த ஒப்பந்த முறையை நிறுத்தும் முடிவு 1910-இல்தான் வந்தது. 35 ஆண்டு இடைவெளி! இலண்டனில் சட்டத்தை மாற்றிய தொழிலாளிக்கு வாக்கு இருந்தது, சங்கம் இருந்தது. பினாங்குத் துறைமுகத்தில் இறங்கியவருக்கு இரண்டும் இல்லை. 1910-இல்கூடத் தோட்ட முதலாளிகள் பெரிதாகத் தடுக்கவில்லை. கங்காணி மூலமாகவே போதிய ஆள் வந்துகொண்டிருந்தார்கள்.