அழச் சொல்லாத நடை

அசோகமித்திரன் என்றதும் ‘வறண்ட நடை’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். கல்லூரியில் தமிழ் நடத்தியவன் என்ற முறையில் எனக்கு இதில் உடன்பாடே இல்லை. அத்தியாயக் கடைசியில் ஒரு திடுக்கிடல் வைத்தால்தான் வாசகர் அடுத்த பக்கம் போவார் என்பது தொடர்கதை நமக்குக் கொடுத்த பழக்கம். கல்கி அந்த உத்தியை வைத்தே ஒரு தலைமுறையை வாசிக்க வைத்தார். அது பெரிய காரியம். தி. ஜானகிராமன் வேறு விதம், பேச்சிலேயே ஆளைப் பிடித்துவிடுவார். இந்த இரண்டும் இல்லாமல் அசோகமித்திரன் எப்படி நம்மைக் கட்டிப்போடுகிறார்?

1977இல் வந்த ‘18வது அட்சக்கோடு’ நாவலையே பாருங்கள். ஹைதராபாத் சமஸ்தானம் 1948 செப்டம்பரில் இந்தியாவோடு இணைக்கப்பட்ட காலத்துக் கதை. அதை ஆண்ட நிஜாம், அவரை ஆதரித்த ரஜாக்கர் படை, இந்திய ராணுவ நடவடிக்கை என்று பிரசங்கம் செய்ய எத்தனையோ இடம் உண்டு. அவர் செய்யவில்லை. செகந்திராபாத்தில் ரயில்வே ஊழியர் ஒருவரின் மகன் சந்திரசேகரன். அவனுக்குக் கல்லூரி, கிரிக்கெட், வீட்டு மாடு. ஊர் கலங்குவது அவன் கண்ணுக்கு எட்டிய அளவுக்குத்தான் நமக்கும் தெரிகிறது. கதை சில இடங்களில் ‘நான்’ என்று நடக்கும், சில இடங்களில் ‘அவன்’ என்று விலகி நிற்கும். அந்த மாற்றம் உறுத்தாமல் நடந்துவிடுவதை எண்ணி இன்றைக்கும் வியக்கிறேன்.

முடிவில் கலவரத்துக்குத் தப்பி ஒரு வீட்டுக்குள் நுழைகிறான். உள்ளே பயந்து ஒடுங்கிய ஒரு முஸ்லிம் குடும்பம். அவர்களைக் காப்பாற்றுவதற்காக ஒரு சின்னப் பெண் தன் உடையைக் களைந்து அவன் முன் நிற்கிறாள். வந்தவன் எதற்காக வந்திருப்பான் என்று அவள் நினைத்துக்கொண்டாள், பாருங்கள்! அவன் ஓடுகிறான். மாடு கறப்பதைச் சொன்ன அதே குரலில் இதையும் சொல்கிறார் ஆசிரியர். குரலை உயர்த்தியிருந்தால் நாம் சுதாரித்துக்கொண்டிருப்போம். வகுப்பில் இந்தப் பகுதியை உரக்கப் படித்த மாணவி ஒருத்தி பாதியில் நிறுத்திவிட்டாள். யாரும் அவளை மேலே படிக்கச் சொல்லவில்லை. நானும்தான்.

அவலத்தை அடுக்கடுக்காக எழுதினால் வாசகர் ஆசிரியரின் துக்கத்தைப் பார்ப்பார். அடக்கி எழுதும்போது மிச்சத்தை வாசகரே சுமந்தாக வேண்டும். வாசகரை நம்பத் தெரிந்தவர்களுக்குத்தான் இது கைவரும். வறட்சி என்ற சொல்லுக்கு இங்கே என்ன வேலை?

இப்படிப்பட்ட நடையைக் கேட்கப் பழக்காத நம் பாடத்திட்டத்தின் மேல்தான் எனக்குக் கோபம். ‘நடைநயம்’ என்றால் உவமையைத் தேடி அடிக்கோடிடச் சொல்கிறோம். நாவல் என்றால் கதைச்சுருக்கம் கேட்டு மதிப்பெண் போடுகிறோம். அதற்குப் பதில் ஜானகிராமனில் ஒரு பக்கம், அசோகமித்திரனில் ஒரு பக்கம் என்று பிள்ளைகளை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். எந்த இடத்தில் மூச்சு வாங்கியது, எங்கே குரல் தயங்கியது என்று அவர்களையே எழுதச் சொல்லுங்கள். மதிப்பெண்ணை அதற்குப் போடலாம்.