நீச்சல் குளம்: தகுதி, திறமை, தீட்டு

இட ஒதுக்கீடு பற்றிப் பேச்சு வந்தால் போதும், நம்ம ஊர் அறிவாளிகள் நேரே விளையாட்டு மைதானத்துக்கு ஓடிப்போய் நின்றுகொள்வார்கள். "ஒலிம்பிக்ஸ்ல கோட்டா உண்டா? அங்கே திறமை இருக்கிறவன்தானே ஜெயிக்கிறான்?" 1990இல் மண்டல் எதிர்ப்பு நடந்தபோது கேட்ட அதே கேள்விதான். இன்றைக்கும் கல்லூரி வராந்தாக்களில் கேட்கிறார்கள். நம் பிள்ளைகளில் சிலர் பதில் சொல்லத் தெரியாமல் வாயடைத்துத் திரும்பி வருகிறார்கள்.

சரி, அவர்கள் கூப்பிடுகிற இடத்துக்கே போவோம். அதிலும் ஒலிம்பிக் நீச்சலுக்கே போவோம். ஏனென்றால், தகுதி-திறமைக்காரர்களுக்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடைக்காது. மார்க் போடுகிற நடுவர் இல்லை. எட்டுப் பேர், ஒரே குளம், ஒரே தூரம். சுவரைத் தொட்டால் கடிகாரம் நிற்கிறது. விநாடியில் நூறில் ஒரு பங்கு வரைக்கும் கணக்கு.

1988 செப்டம்பர், சியோல் ஒலிம்பிக்ஸ், ஆண்களுக்கான 100 மீட்டர் பட்டர்ஃபிளை. அமெரிக்காவின் மேட் பியாண்டி ஜெயிப்பார் என்று உலகமே காத்திருந்தது. கடைசி வரை அவர்தான் முன்னால். சுவரைத் தொட்டுத் திரும்பிப் பலகையைப் பார்த்தால் முதலிடத்தில் வேறு பெயர்: அந்தோணி நெஸ்டி, சுரினாம். நெஸ்டி 53.00 விநாடி, பியாண்டி 53.01. வித்தியாசம் விநாடியில் நூறில் ஒரு பங்கு. தென் அமெரிக்காவின் வட ஓரத்தில் இருக்கும் சுரினாம், 1975 வரை டச்சுக்காரன் காலனி. 1863 வரை அங்கே அடிமை முறை இருந்தது. நெஸ்டி கறுப்பர். ஒலிம்பிக் நீச்சலில் தனிநபர் தங்கம் வென்ற முதல் கறுப்பின ஆண் அவர்தான்.

இதற்கு 17 மாதம் முன்னால், 1987 ஏப்ரலில், அமெரிக்க பேஸ்பால் அணி ஒன்றின் உயர் அதிகாரி அல் காம்பானிஸ் தொலைக்காட்சியில் உட்கார்ந்து ஒரு விளக்கம் கொடுத்தார். கறுப்பர்கள் நல்ல நீச்சல்காரர்களாக இல்லாததற்குக் காரணம் அவர்கள் உடம்புக்கு மிதக்கும் தன்மை இல்லாததுதானாம். இதனால் அவர் வேலை போனது. ஆனால் அந்தக் கருத்து அவர் ஒருவருடையது அல்ல. வெள்ளைப் பொதுப்புத்தியில் நெடுங்காலமாக ஊறிக் கிடந்தது. எலும்பு கனம், மிதக்க மாட்டான் என்று அதற்கு விஞ்ஞான வேஷம் வேறு. "படிப்பு ஏறாது, மூளை அப்படி" என்று நம்மைப் பார்த்துச் சொன்னவனுக்கும் இவனுக்கும் தாய்மாமன் உறவு.

'அதான் நெஸ்டி ஜெயிச்சிட்டாரே, திறமை இருந்தா யாரும் ஜெயிக்கலாம்னு ஆகுதே?' என்று அறிவாளி குறுக்கே வருவார். கொஞ்சம் பொறுங்கள். அந்தக் காலத்தில் சுரினாம் முழுக்க 50 மீட்டர் நீளத்தில் ஒரே ஒரு நீச்சல் குளம்தான். நெஸ்டி பயிற்சிக்காக நாட்டை விட்டு அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் ஜாக்சன்வில் நகரத்துப் பள்ளிக்குப் போக வேண்டியிருந்தது. அவர் உடம்பில் இருந்த திறமைக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது, குளம் வேண்டியிருந்தது, பயிற்சியாளர் வேண்டியிருந்தது. அவை கிடைத்த பிறகுதான் 53.00. கிடைக்காமல் போன எத்தனை நெஸ்டிகளின் நேரத்தை எந்தக் கடிகாரம் குறித்து வைத்திருக்கிறது? அடுத்து ஒரு கறுப்பினப் பெண், அமெரிக்காவின் சிமோன் மேனுவல், தனிநபர் தங்கம் வெல்ல 2016 ரியோ ஒலிம்பிக்ஸ் வரை, அதாவது 28 வருஷம், காத்திருக்க வேண்டியிருந்தது.

அதே ஜாக்சன்வில்லில் இருந்து 60 கிலோமீட்டர் வாக்கில் செயின்ட் அகஸ்டின் என்று ஒரு ஊர். 1964 ஜூன் 18 அன்று, வெள்ளையருக்கு மட்டுமான மான்சன் விடுதியின் நீச்சல் குளத்தில் கறுப்பினப் போராளிகளும் அவர்களோடு நின்ற வெள்ளைத் தோழர்களும் இறங்கினார்கள். விடுதி மேலாளர் ஆசிட் டப்பாவை எடுத்து வந்து குளத்தில் ஊற்றினார். தண்ணீரில் மனுசர்கள் இருக்கிறார்கள், ஊற்றினார். அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது. நெஸ்டி ஜாக்சன்வில்லுக்கு வந்தபோது இது நடந்து கால் நூற்றாண்டுகூட ஆகவில்லை.

இதைப் படிக்கும்போது நமக்கு மகத் ஞாபகம் வராமல் இருக்குமா? 1927 மார்ச் 20, சவுதார் குளம். அண்ணல் அம்பேத்கர் தலைமையில் நம் மக்கள் இறங்கித் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்தார்கள். நகராட்சி 1924லேயே எல்லோருக்கும் திறந்துவிட்டதாகச் சொன்ன குளம்தான் அது. சாதி இந்துக்கள் முதலில் அடித்தார்கள். பிறகு சாணியையும் கோமியத்தையும் கலந்து ஊற்றிக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். அங்கே ஆசிட், இங்கே கோமியம். உடம்பை மையமாக வைத்து அதிகாரம் செய்கிறவன் தண்ணீரைக் கண்டு பயப்படுகிறான். தரையில் கோடு போடலாம், சுவர் எழுப்பலாம், தெருவைப் பிரிக்கலாம். தண்ணீரில் கோடு நிற்காது. ஒருத்தன் உடம்பைத் தொட்ட தண்ணீர் அடுத்தவன் உடம்பைத் தொடும்.

அமெரிக்க நீச்சல் குளங்களின் வரலாற்றை எழுதிய ஜெஃப் வில்ட்சி ஒரு முக்கியமான விஷயத்தைக் காட்டுகிறார். வட மாநில நகரங்களில் ஆணுக்குத் தனி நாள், பெண்ணுக்குத் தனி நாள் என்று இருந்தவரை நிறக் கோடு அவ்வளவு கறாராக இல்லை. ஆணும் பெண்ணும் சேர்ந்து குளிக்க ஆரம்பித்த 1920களில்தான் அது இறுகியது. கறுப்பு ஆணும் வெள்ளைப் பெண்ணும் ஒரே தண்ணீரில் என்பதுதான் பயம். சாதியின் உயிர் அகமணத்தில் இருக்கிறது என்று அம்பேத்கர் 1916லேயே சொன்னதைப் படித்தவர்களுக்கு இது புரியும்.

சட்டம் வந்த பிறகு என்ன ஆனது? மிசிசிப்பி மாநிலம் ஜாக்சன் நகராட்சி, கறுப்பர்களைச் சேர்க்கச் சொன்னால் குளங்களையே மூடிவிடுகிறோம் என்று மூடியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1971இல் 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பு: மூடியது செல்லும். எல்லாருக்கும்தானே மூடினார்கள், பாகுபாடு எங்கே என்பது வாதம்! வசதியுள்ள வெள்ளையர்கள் தனியார் கிளப்புக்கும் வீட்டுப் பின்கட்டுக் குளத்துக்கும் போய்விட்டார்கள். நகராட்சிக் குளத்தை நம்பியிருந்தவன் கரையிலேயே நின்றான். அவன் பிள்ளையும் நீச்சல் படிக்கவில்லை, பேரனும் படிக்கவில்லை.

இதன் பலன் பதக்கப் பட்டியலில் மட்டும் தெரிவதில்லை. பிணவறையில் தெரிகிறது. அமெரிக்காவில் 10 முதல் 14 வயது வரையுள்ள கறுப்பினப் பிள்ளைகள் நீச்சல் குளங்களில் மூழ்கிச் சாகிற விகிதம் வெள்ளைப் பிள்ளைகளைவிட 7 மடங்குக்கு மேல். 2010 ஆகஸ்டில் லூசியானா மாநிலம் ஷ்ரீவ்போர்ட்டில், ஆற்றில் ஒரு பையன் ஆழத்தில் சிக்கினான். காப்பாற்றப் போன கறுப்பின விடலைப் பிள்ளைகள் ஆறு பேர் ஒருவர் பின் ஒருவராக மூழ்கிப் போனார்கள். கரையில் பெற்றவர்கள் நின்று கதறினார்கள். அவர்களுக்கும் நீச்சல் தெரியாது. 'மிதக்கும் தன்மை இல்லை' என்று சொன்னவன் இந்த ஆறு பிள்ளைகளுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரை மக்களின் நீச்சலைப் பார்த்து வியந்து எழுதி வைத்தவர்கள் ஐரோப்பியப் பயணிகள்தான். அவர்களில் பலரை அடிமையாகப் பிடித்துவந்து கரீபியன் கடலில் முத்துக் குளிக்க இறக்கியதும் ஐரோப்பியர்கள்தான். எஜமானுக்காக முங்கும்போது மிதக்கத் தெரிந்த உடம்பு, தனக்காக நீந்தப் போனால் மிதக்காத உடம்பாகிவிட்டது. நம்ம கதை மட்டும் என்ன? தென் மாவட்டங்களில் ஏரி மடையைத் திறந்து அடைத்த நீர்க்கட்டிகளில் பெரும்பகுதி யார்? கிணறு வெட்டியது யார், தூர் வாரியது யார்? வெட்டும்போதும் வாரும்போதும் தீட்டு இல்லை, குளிக்கும்போதுதான் தீட்டு. பழைய கதை என்று நினைக்காதீர்கள். 2018 ஜூனில் மகாராஷ்டிரத்தின் ஜல்காவ் மாவட்டம் வாகடி கிராமத்தில், கிணற்றில் நீச்சலடித்ததற்காகத் தலித் சிறுவர்களின் துணியை உருவி அடித்தார்கள். அடித்ததைப் படமும் எடுத்தார்கள்.

விதி எழுதுகிறவர்கள் எந்த உடம்பை மனசில் வைத்து எழுதுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு முன்னால், அடர்ந்த சுருள்முடிக்காரர்களுக்காகச் செய்யப்பட்ட பெரிய நீச்சல் தொப்பிக்கு சர்வதேச நீச்சல் சம்மேளனம் அனுமதி மறுத்தது. தலையின் இயற்கையான வடிவத்துக்கு அது ஒத்துவரவில்லையாம். யாருடைய தலை இயற்கை? யாருடைய முடி செயற்கை? எதிர்ப்புக் கிளம்பிய பிறகு 2022இல் அனுமதித்தார்கள். ஒரு தொப்பிக்கே இந்தப் பாடு.

'ஒலிம்பிக்ஸ் முதலாளிகள் நடத்துகிற திருவிழா, தங்கம் வாங்கினால் சேரிக்கு என்ன வந்தது?' என்று நம் தோழர்கள் சிலர் கேட்பார்கள். பாதி நியாயம் உண்டு. ஒரு நெஸ்டியைத் தோளில் தூக்கிவிட்டு மற்றவர்களைக் கரையில் நிறுத்துவது ஆதிக்கத்துக்குப் பிடித்த வேலைதான். அதற்காக, தண்ணீரும் உடம்பும் விளையாட்டும் நமக்கு வேண்டாம் என்று ஒதுங்குவது நம்மை நாமே ஒதுக்கிக்கொள்வது. உழைப்பதற்கு மட்டும்தான் உன் உடம்பு என்று சொன்னவனிடம், விளையாடுவதற்கும் என் உடம்புதான் என்று சொல்வதும் விடுதலைதான். நெஸ்டி கதை 1988ஓடு முடியவுமில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் அமெரிக்க ஆண்கள் நீச்சல் அணிக்கே அவர்தான் தலைமைப் பயிற்சியாளர். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் கறுப்பர். கற்றுக்கொள்கிற இடத்துக்கு மட்டும் போராடினால் போதாது, கற்றுக்கொடுக்கிற இடத்துக்கும் போக வேண்டும்.

எனவே மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன். 'ஒலிம்பிக்ஸ்ல கோட்டா உண்டா?' என்று கேட்பவனிடம், உங்க ஊர் நீச்சல் குளத்துக்கு மாசக் கட்டணம் எவ்வளவு, உங்க ஊர்க் கிணற்றில் யார் யார் குளிக்கலாம் என்று திருப்பிக் கேளுங்கள். கடிகாரம் ஓடத் தொடங்குவதற்கு முன்னால் நடந்ததையும் சேர்த்துத்தான் பேச வேண்டும் என்று சொல்லுங்கள்.

இயக்கத் தோழர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. இந்தியாவில் வருஷத்துக்கு 30 ஆயிரம் பேருக்கு மேல் தண்ணீரில் மூழ்கிச் சாகிறார்கள். இது அரசாங்கக் கணக்கு. அதில் வயது இருக்கிறது, ஆண் பெண் இருக்கிறது, சாதி இல்லை. அந்தக் கணக்கைக் கேட்போம். ஒவ்வொரு ஆதிதிராவிடர் நலப் பள்ளியிலும் விடுதியிலும் நீச்சல் சொல்லிக் கொடு, அதற்குக் குளம் கட்டு, ஆள் போடு, பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்து என்று கேட்போம். இதைச் சலுகையாகக் கேட்க வேண்டியதில்லை. மகத்தில் தண்ணீர் அள்ளியது தாகத்துக்காக மட்டும் அல்ல, மற்றவர்களைப்போல் நாமும் மனிதர்கள் என்று நிறுவத்தான் என்று அம்பேத்கர் அன்றே சொல்லிவிட்டார். அந்தக் கோரிக்கையின் மிச்சத்தைத்தான் நாம் கேட்கிறோம்.