வைக்கோல் செங்கல்லும் ஒரு பொய்க்கணக்கும்

பஞ்சாபிலும் ஹரியானாவிலும் அக்டோபர் பிறந்தால் வயலில் தீ. சில வாரங்களில் டெல்லியில் புகை. அதன்பின் ஆய்விதழ்களில் வேளாண் கழிவு நார் கலந்த செங்கல்லைப் பற்றிய கட்டுரைகள். அவற்றின் முதல் பத்தி பெரும்பாலும் ஒன்றே: வைக்கோல் எரிப்பால் காற்று கெடுகிறது, ஆகவே வைக்கோலைச் செங்கல்லில் சேர்க்கலாம். இந்த 'ஆகவே'யைக் கணக்கிட்டுப் பார்த்தவர்கள் மிகச் சிலரே.

கணக்கு கடினமானதன்று. களிமண்ணில் கலந்த நார் சூளையில் எரிந்துபோகும். அது இருந்த இடம் துளையாக நிற்கும். கல் இலேசாகும், வெப்பம் கடத்துவது குறையும்; ஆனால் வலிமை இறங்கும், நீர் உறிஞ்சல் ஏறும். வலிமை குறைந்த வகைகளுக்கே நீர் உறிஞ்சல் எடையில் 20 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்கிறது ஐ.எஸ். 1077. எனவே நாரை அள்ளிக் கொட்ட இயலாது. எடையில் நூற்றுக்கு ஒன்று என்று கொண்டால், 3 கிலோ கல் ஆயிரத்துக்கு 30 கிலோ வைக்கோல். ஆண்டுக்கு 50 லட்சம் கல் சுடும் சூளைக்கு 150 டன். பஞ்சாபில் அத்தகைய சூளைகள் 3,000 என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் மொத்தம் 4.5 லட்சம் டன்தான். அங்கு ஆண்டுதோறும் சேரும் நெல் வைக்கோலோ ஏறத்தாழ 2 கோடி டன். நூற்றில் இரண்டே கால் பங்கு! நாரை மூன்று மடங்காக்கினாலும் ஏழைத் தொடாது.

வயலில் தீ வைக்கப்படுவதன் காரணமும் செங்கல்லுக்கு வெளியே இருக்கிறது. நிலத்தடி நீரைக் காக்க 2009இல் இரு மாநிலங்களும் இயற்றிய சட்டங்கள் நெல் நடவை ஜூனுக்குத் தள்ளின, அறுவடையும் தள்ளிப்போயிற்று. கோதுமை விதைப்புக்கு முன் எஞ்சுவது இரண்டு மூன்று வாரங்கள். அதற்குள் வைக்கோலைக் கட்டி, ஏற்றி, நனையாமல் அடுக்கும் செலவு யாருடையது? கட்டுரைகளின் செலவு அட்டவணையில் வைக்கோலின் விலை பல நேரம் சுழியம். 'கழிவு' என்று பெயரிட்ட கையோடு விலையையும் அழித்துவிடுகிறார்கள். அதே வயலில் விளையும் கோதுமை வைக்கோல் நல்ல விலைக்குப் போகும் தீவனம். அதை எவரும் கழிவு என்பதில்லை. சூளைக்காரர் தேடி வரும் நாளில் நெல் வைக்கோலுக்கும் விலை பிறக்கும்.

நார் கலப்பதால் பயனே இல்லை என்பதன்று. அது கல்லுக்குள்ளிருந்தே எரிந்து, சூளைக்கு வேண்டிய வெப்பத்தில் எட்டில் ஒரு பங்குவரை தரக்கூடும். ஆயினும் வைக்கோலின் ஆவிப்பொருள்கள் 300 பாகையை ஒட்டியே, நெருப்பு எட்டுமுன், வெளியேறத் தொடங்குகின்றன. அவற்றில் ஒரு பகுதி எரியாமல் புகைபோக்கி வழியே போய்விடும். வயலில் தவிர்த்த புகை சூளையில் எழுந்தால் அதை எந்தக் கணக்கில் எழுதுவது? நிலக்கரியில் 20 விழுக்காட்டுக்குப் பதிலாக வைக்கோல் வில்லைகளை எரிக்கவேண்டும் என்று 2023 முதல் பஞ்சாப் அரசு சூளைகளைப் பணித்தது. எரிபொருளாகப் பயன்படுவதை எரிபொருள் என்றே சொல்லும் நேர்மையாவது அதில் உண்டு.

இக்கட்டுரைகளில் அறவே காணப்படாதவர் கல் அறுப்பவர். ஆய்வகத்தில் கலவை இயந்திரத்தில் குழைகிறது, அழுத்தியில் கல்லாகிறது. வட இந்தியச் சூளைகளில் பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்த குடும்பங்கள், முன்பணக் கடனோடு, மண்ணைக் கையால் குழைத்து அச்சில் அறுக்கின்றன. கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்பதே. நார் கலந்த மண் குழைய நேரம் பிடிக்கும். அச்சின் மேல்விளிம்பை வழிக்கும்போது நார் இழுபடும். முனை உடைந்த பச்சைக்கல் எண்ணிக்கையில் சேராது. அந்த இழப்பு ஆய்வாளரையோ சூளை முதலாளியையோ தொடுவதில்லை. அமுக்க வலிமைக்கு ஐந்து கலவைகள், கலவைக்கு மூன்று மாதிரிகள் எனக் கேட்கும் ஆய்வுக்குழுக்கள், அதே கலவையில் ஒரு குடும்பம் ஒரு நாளில் எத்தனை கல் அறுக்கும் என்பதையும் கேட்கலாம். அதை அளக்கக் கருவி ஏதும் வேண்டாம்; ஒரு சூளையில் ஒரு வாரம் இருந்தால் போதும்.