விரைந்த கால்களும் திறந்த கதவும்

ஐரோப்பியக் கால்பந்துக் கழகங்கள் ஆட்டக்காரர்களை வாங்கி விற்கும் பருவம் ஆண்டுக்கு இருமுறை வருகிறது. அப்பருவத்தில் விளையாட்டுப் பக்கங்களைப் புரட்டுவோர்க்கு ஒருவகைச் செய்தி பழகிப்போயிருக்கும். அயல்நாட்டில் பிறந்த, இருபது வயதை ஒட்டிய, காற்றென ஓடவல்ல ஒரு ஃபுல்பேக்கை இன்ன கழகம் இத்தனை மில்லியனுக்கு ஒப்பந்தம் செய்தது என்பதே அது. வயது, உயரம், மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகம், எத்தனை ஆண்டு ஒப்பந்தம் என்று விவரங்கள் தொடரும். இவற்றை வாசிக்கையில், காவிரிப்பூம்பட்டினத்தில் கடல்வழி வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை குறிப்பிடுவது நம் நினைவுக்கு வருகிறது. குதிரையைப் பல்லும் சுழியும் பார்த்து விலை பேசுவர். நீ பிறந்த மண் எது, அங்கிருந்து ஏன் வந்தாய் என்று அதைக் கேட்பாரில்லை. நாம் கேட்க விரும்புவது அந்தக் கேள்வியைத்தான்.

முதலில் ஃபுல்பேக் என்னும் இடத்தைப் பற்றி ஒரு சொல். பின்களத்தின் இடவோரத்தையோ வலவோரத்தையோ காப்பது அவர் பணி. ஒருகாலத்தில் எதிரணியின் விங்கரை மறிப்பதோடு அவர் கடமை முடிந்தது. 1958 உலகக்கோப்பையில் பிரேசிலின் நில்டன் சாண்டோஸ் பின்களத்திலிருந்து முன்னேறிச் சென்று ஆஸ்திரியாவுக்கு எதிராகக் கோல் போட்டார். பின்னாளில் கஃபுவும் ராபர்ட்டோ கார்லோஸும் அந்த ஒற்றையடிப் பாதையைப் பெருவழியாக்கினர். புறத்திணை இலக்கணம் பயின்றோர்க்கு இதை எளிதில் விளக்கிவிடலாம். படையின் முன்னணி தூசி, பின்னணி கூழை. உடைந்து பின்வாங்கும் படையின் கூழையில் ஒருவன் தனித்து நின்று பகைவரைத் தாங்குவதை எருமை மறம் என்று துறை வகுத்தனர் நம் முன்னோர். இன்றைய ஃபுல்பேக் கூழையில் எருமை மறமும் தூசியில் குதிரை மறமும் ஒரே மூச்சில் காட்ட வேண்டியவர். ஆடுகளத்தின் நீளம் முழுவதையும் ஆட்டம் முடியுமட்டும் ஓடி ஓடித் திரும்ப வேண்டியிருப்பதாலேயே இங்கே இளமைக்கும் வேகத்துக்கும் இத்தனை விலை.

அந்த விலை நம் ஊர்க் கழகங்களுக்குக் கட்டுப்படியாவதில்லை. பாரிஸ் சாந்த் ஜெர்மைனிலும் ஹல் சிட்டியிலும் ஆடிய பெர்னார்ட் மெண்டி, வேகத்துக்குப் பெயர்பெற்ற பிரெஞ்சு ஃபுல்பேக். அவர் 2014இல் சென்னையின் எஃப்.சி.க்கு வந்தபோது வயது 33. அடுத்த ஆண்டு கோப்பை வென்ற அணியிலும் அவர் இருந்தார். அவர் உழைப்பில் நாம் குறை காணவில்லை. எனினும் உச்சியில் ஓடிய கால்கள் பிறருக்குப் பயன்பட்ட பின்னரே நம்மிடம் வருகின்றன என்பதே உண்மை. ஆகவே வேகமான ஓர் அயல்நாட்டு இளைஞரை ஒரு கழகம் ஒப்பந்தம் செய்வது என்றால் என்ன என்று அறிய நாம் மியூனிக் நகருக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.

2018 ஜூலையில் பேயர்ன் மியூனிக் கழகம் கனடாவின் வான்கூவர் கழகத்திலிருந்து அல்ஃபோன்சோ டேவிஸ் என்ற 17 வயதுச் சிறுவனை ஒப்பந்தம் செய்தது. நிபந்தனைத் தொகைகள் உட்பட 2 கோடியே 20 லட்சம் டாலர் வரை செல்லக்கூடிய அந்த ஒப்பந்தம், வட அமெரிக்க லீக்கில் அதுகாறும் கேட்டிராதது. அவர் வந்தது விங்கராக. 2019 இலையுதிர் காலத்தில் பின்கள ஆட்டக்காரர்கள் சிலர் காயமுற, இடப்புறக் காவல் அவரிடம் வந்து சேர்ந்தது. 2020 ஆகஸ்டில் பார்சிலோனாவை பேயர்ன் 8-2 என வீழ்த்திய ஆட்டத்தில், இடவோரத்தில் பந்தோடு புகுந்து, மறித்தவர்களைக் கடந்து, எல்லைக்கோட்டை ஒட்டி ஓடிக் கிம்மிக்குக்கு அவர் பந்தைத் தந்த காட்சியைக் கண்டவர் எளிதில் மறவார். அந்த மாதமே பேயர்ன் ஐரோப்பியக் கோப்பையை வென்றது.

குதிரையிடம் கேட்காத கேள்விக்கு வருவோம். டேவிஸ் பிறந்தது 2000 நவம்பரில், கானா நாட்டின் புடுபுரம் அகதி முகாமில். பெற்றோர் லைபீரிய உள்நாட்டுப் போருக்குத் தப்பி வந்தவர்கள். அவருக்கு ஐந்து வயதானபோது குடும்பத்தைக் கனடா தன் மறுகுடியேற்றத் திட்டத்தின்கீழ் ஏற்றுக்கொண்டது. எட்மன்டன் நகரில், வசதியற்ற சிறுவர்களுக்குக் கட்டணமின்றிப் பந்தும் காலணியும் போக்குவரத்தும் தரும் பள்ளிநேரப் பின் லீக் ஒன்றில் அவர் ஆடத் தொடங்கினார். 2017 ஜூன் 6இல் குடியுரிமை பெற்றார். ஒரு வாரம் கழித்து, 16 வயதில், கனடா அணிக்கு ஆடினார். 2022 உலகக்கோப்பையில் குரோஷியாவுக்கு எதிராக, உலகக்கோப்பை வரலாற்றில் கனடா ஆடவர் அணியின் முதல் கோலைப் போட்டவரும் அவரே.

இந்த வரலாற்றில் நிகழ்ச்சிகளின் வரிசைமுறையை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளையின் காலில் இருந்த வேகத்தைக் கண்டு கனடா கதவைத் திறக்கவில்லை. அது எவருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. கதவு முதலில் திறந்தது, பள்ளி வந்தது, இலவசக் காலணி வந்தது, அதன் பின்னரே வேகம் கண்ணுக்குத் தெரிந்தது. பேயர்ன் விலைகொடுத்து வாங்கியது அந்த நெடுவரிசையின் கடைசிக் கண்ணியைத்தான்.

திருவெறும்பூரில் வாழும் நமக்கு இது தொலைதூரக் கதையன்று. புடுபுரம் முகாம் தோன்றிய 1990ஆம் ஆண்டில்தான் இரண்டாம் ஈழப்போர் மூண்டு, இராமேசுவரக் கரையில் ஏதிலியர் மீண்டும் பெருந்திரளாக வந்திறங்கினர். துவாக்குடியை அடுத்த வாழவந்தான்கோட்டையிலும், விமான நிலையத்தை ஒட்டிய கொட்டப்பட்டிலும் இன்றும் முகாம்கள் இருக்கின்றன. தமிழகமெங்கும் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர் வாழ்கின்றனர். 2021இல் மாநில அரசு இவற்றுக்கு ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ எனப் பெயர் மாற்றியது; 7,469 புதிய வீடுகளை அறிவித்தது; மாதாந்திரப் பணக்கொடையை உயர்த்தியது. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் பெயரும் கூரையும் மாறினும் ஒன்று மாறவில்லை. விண்ணப்பப் படிவத்தில் ‘நாட்டுரிமை’ என்ற கட்டத்தின்முன் அம்முகாம்களின் பிள்ளைகளுடைய பேனா இன்றும் நின்றுவிடுகிறது.

சட்டம் சொல்வது இது. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்நாட்டினராயினும், பிறப்பால் இந்தியக் குடிமகன். அதன்பின் பிறந்தவர்க்குப் பெற்றோரில் ஒருவரேனும் இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பருக்குப் பின் விதி மேலும் இறுகியது. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தோர்க்கு வழிசெய்தது, இலங்கையைச் சேர்க்கவில்லை. 2025இல் நடுவண் அரசு பிறப்பித்த ஆணை, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழரைக் கடவுச்சீட்டு இன்மைக்கான தண்டனையிலிருந்து விலக்கியது. அச்சம் நீங்கியது, உரிமை வரவில்லை. 1987க்கு முன் மண்டபம் முகாமில் பிறந்த திருச்சி முகாம்வாசியான பெண்மணி ஒருவர், உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் 2022ஆம் ஆண்டு ஆணையால் கடவுச்சீட்டுப் பெற்று, 2024இல் முதன்முறையாக வாக்களித்தார். அந்த நாளுக்குப் பின் முகாமில் பிறந்த தம்பி தங்கையர்க்கு அவ்வழியும் அடைபட்டிருக்கிறது.

இதைக் கால்பந்தோடு வைத்துப் பார்த்தால் முரண் இன்னும் கூர்மையாகத் தெரியும். இந்தியக் கடவுச்சீட்டு இல்லாதவர் இந்திய அணிக்கு ஆட இயலாது. ஜப்பானில் பிறந்த இசுமி அராட்டா 2012இல் இந்தியக் குடியுரிமை பெற்று, 2013இல் இந்தியாவுக்கு ஆடினார். ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் பிறந்து பெங்களூரு எஃப்.சி.க்கு ஆடிய ரயன் வில்லியம்ஸ், தம் நாட்டுக் குடியுரிமையைத் துறந்து 2025இல் இந்தியரானார். அந்த நவம்பரிலேயே தேசிய அணியின் பயிற்சி முகாமுக்கு அழைக்கப்பட்டார். இருவர்க்கும் இந்தியக் குருதித் தொடர்பு உண்டு. இருவரையும் நாம் மகிழ்ந்தே வரவேற்கிறோம். ஆயின் பெர்த்திலிருந்து நீலச்சட்டைக்கு வர ஒரு வழி இருக்கையில், வாழவந்தான்கோட்டையில் பிறந்து, நம் பள்ளிகளில் படித்து, நம் திடல்களில் ஓடும் பிள்ளைக்கு வழியில்லை என்பதை எந்த அறத்தால் விளக்குவது? ஈழத்தமிழ்ப் பெற்றோரின் மகனாக வேல்ஸில் பிறந்த விமல் யோகநாதன், இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி கழகத்துக்கு 2024இல் ஆடியபோது தமிழ் இதழ்கள் பெருமிதத்தோடு எழுதின. படகு வேறு திசையில் போயிருந்தால் அவரும் நம் மாவட்டத்து முகாம் ஒன்றில் வளர்ந்திருக்கலாம். அப்போது நாம் எதை எழுதியிருப்போம்?

ஓர் எதிர்வாதத்தை நாமே எழுப்பிக்கொள்ள வேண்டும். திறமை மிக்க ஓரிருவர்க்கு விலக்களித்தால் போதாதா என்று சிலர் கேட்கக்கூடும். போதாது. அது குதிரைச் சந்தையின் நியாயம். வேகமாக ஓடுபவனுக்குக் குடியுரிமை, மெதுவாக நடப்பவனுக்கு முகாம் என்று ஒரு நாடு வகுக்குமானால், அது மனிதரை ஏற்கவில்லை. கால்களை விலைக்கு வாங்குகிறது. இன்னொரு வாதம், அவர்களுள் பலர் இலங்கைக்குத் திரும்ப விரும்புகிறார்கள் என்பது. விரும்புவோர் மதிப்போடு திரும்பட்டும். அதற்கான துணையும் கிடைக்கட்டும். ஆனால் இங்கேயே பிறந்து வேறு நிலம் அறியாத பிள்ளைக்கு ‘திரும்புதல்’ என்ற சொல்லுக்கே பொருளில்லை. இருப்பதா போவதா என்று முடிவெடுக்கும் உரிமையும் குடியுரிமை உடையவர்க்கே முழுதாகக் கிட்டுகிறது.

கனடாவைப் புனித பூமியாக நாம் கருதவில்லை. முகாம்களில் காத்திருப்போர் கடலளவு என்றால், அத்தகைய திட்டங்கள் ஏற்பது கையளவு. நாம் கேட்பதும் பெரிதன்று. இந்திய மண்ணில் பிறந்த முகாம் பிள்ளைகளுக்கு, பிறந்த தேதியோ ஓட்ட வேகமோ பாராமல், விண்ணப்பித்துக் குடியுரிமை பெறச் சட்டத்தில் ஒரு வழி வேண்டும். சட்டமன்றமும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் இதனைத் தேர்தல் பருவப் பேச்சாக அன்றி, முடிக்க வேண்டிய பணியாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

நம் ஊரின் பெயர்க்காரணம் பலரும் அறிந்ததே. எறும்புருக் கொண்டு வந்த தேவர்கள் வழுக்கும் இலிங்கத்தின்மீது ஏற மாட்டாது தவித்தபோது, அவர்கள் ஏறுவதற்கு ஏதுவாக இறைவன் புற்றாகித் தன் முடியைச் சாய்த்துக் கொடுத்தான் என்கிறது தலபுராணம். அந்த எறும்புகளுள் எது விரைவாக ஏறும் என்று அவன் முன்கூட்டிச் சோதித்துப் பார்த்ததாகக் கதை இல்லை.