மறைவுச் சாளரம் யாரிடமிருந்து மறைக்கிறது?

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையிலிருந்து சேலம் சாலை பிரியும் உளுந்தூர்பேட்டை போன்ற ஊர்களில், கல்லூரி மாணவரின் அலுவலகமாக இருப்பது பிரவுசிங் சென்டர்தான். கல்வி உதவித்தொகை விண்ணப்பமும் தேர்வாணைய விண்ணப்பமும் அங்கிருந்தே செல்கின்றன. விவரம் தெரிந்த மாணவர் அங்கு உலாவியின் ‘இன்காக்னிட்டோ’ எனும் மறைவுச் சாளரத்தைத் திறந்து, வேலை முடிந்ததும் மூடிவிட்டு எழுகிறார். அவர் உள்நுழைந்த கணக்கும் பார்த்த பக்கங்களின் வரலாறும் அழிந்துவிடுகின்றன. ஆனால் அவர் பதிவிறக்கிய சாதிச் சான்றிதழும் ஆதார் நகலும் அதே கணினியின் ‘டவுன்லோட்ஸ்’ கோப்புறையில் அப்படியே கிடக்கின்றன. அடுத்து வந்து அமர்பவருக்கு அவருடைய பெயர், தந்தை பெயர், ஊர், சாதி அனைத்தும் ஒரு சொடுக்கில் கிடைக்கும்.

மறைவுச் சாளரத்தைப் பற்றிய தவறான நம்பிக்கை இங்குதான் தொடங்குகிறது. அது செய்வது ஒன்றே: சாளரத்தை மூடியதும் பார்வை வரலாறு, குக்கிகள், படிவங்களில் நிரப்பிய விவரங்கள் ஆகியவற்றை அந்தக் கருவியிலிருந்து நீக்குகிறது. பதிவிறக்கிய கோப்புகளை அது நீக்குவதில்லை. நம் ஐபி முகவரியை மறைப்பதில்லை. கருவியில் உளவு மென்பொருள் இருந்தால் அதனைத் தடுப்பதுமில்லை. சுருங்கச் சொன்னால், நமக்குப் பின் அதே கருவியைக் கையில் எடுப்பவரிடமிருந்து மட்டுமே அது ஓரளவு மறைக்கிறது.

அந்த அளவு பாதுகாப்பும் அற்பமானதன்று. சாதி கடந்து காதலிக்கும் பெண்ணுக்கு முதல் கண்காணிப்பாளர் அவர் வீட்டிலேயே இருக்கிறார். உளுந்தூர்பேட்டைக்குத் தெற்கே, விருத்தாசலம் அருகிலுள்ள புதுக்கூரைப்பேட்டையில் 2003 ஜூலையில் தலித் பொறியாளர் முருகேசனும் கண்ணகியும் கண்ணகியின் குடும்பத்தாரால் நஞ்சூட்டிக் கொல்லப்பட்டதை இப்பகுதி மறக்கவில்லை. திருமணப் பதிவு விதிகளையோ சட்ட உதவியையோ தேடும் பெண்ணின் கைப்பேசி வரலாறு, தவறான கையில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. அங்கு மறைவுச் சாளரம் பயன்படும். ஆனால் அதனை மூட வேண்டும். மூடாமல் விட்ட மறைவுத் தாவல்கள் கைப்பேசியின் பின்னணியில் திறந்தே இருக்கும்.

வீட்டைத் தாண்டினால் இரண்டாவது பார்வையாளர் நிறுவனம். கூகுளின் மறைவுச் சாளரத்தைப் பயன்படுத்தியவர்களின் தரவுகளும் திரட்டப்பட்டதாக 2020இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வழக்குத் தொடுக்கப்பட்டது. குறைந்தது 500 கோடி டாலர் இழப்பீடு கோரப்பட்டது. 2024 ஏப்ரலில் வெளியான சமரச விதிகளின்படி, கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்கவும், சாளரத்தைத் திறக்கும்போது காட்டப்படும் அறிவிப்பைத் தெளிவாக்கவும் கூகுள் ஒப்புக்கொண்டது. பயனர்களுக்குப் பொதுவான இழப்பீடு எதுவும் இல்லை.

மூன்றாவது பார்வையாளர் அரசு. கைப்பேசி இணையமோ விடுதியின் வைஃபையோ, நாம் எந்தத் தளத்துக்குச் செல்கிறோம் என்பது அதனை வழங்குவோருக்குப் பொதுவாகத் தெரியும். தளம் குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால், அதற்குள் எந்தப் பக்கத்தைப் படித்தோம் என்பது தெரியாது. இணையப் பயன்பாட்டுப் பதிவுகளைக் குறைந்தது 2 ஆண்டுகள் பேண வேண்டும் என்று 2021 டிசம்பரில் தொலைத்தொடர்பு உரிம விதிகள் திருத்தப்பட்டன. விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் ஆணையிடப்பட்டது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவின்கீழ் கணினித் தரவுகளை இடைமறிக்க 10 ஒன்றிய அமைப்புகளுக்கு 2018 டிசம்பரில் அதிகாரம் அளிக்கப்பட்டது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். ஆனால் 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தான் விரும்பும் அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தை ஒன்றிய அரசின் கையிலேயே வைத்திருக்கிறது.

‘மறைக்க எதுவும் இல்லாதவருக்கு அச்சம் எதற்கு’ என்று கேட்பவர்கள், காவல் நிலையம் எல்லாச் சாதியினருக்கும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்று எண்ணுகிறார்கள். புதுக்கூரைப்பேட்டை வழக்கைத் திசைதிருப்பிய காவல் அதிகாரிகள் இருவரின் தண்டனையையும் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. நீதி கிடைக்க ஏறத்தாழ 22 ஆண்டுகள் ஆயின. அத்தகைய அமைப்பிடம் நம் தேடல்களின் பதிவு சேர்வது, எவருக்கும் சமமான இடர் அன்று. தலித் சிந்தனையாளர் ஆனந்த் தெல்தும்ப்டேவின் கைப்பேசி பெகாசஸ் உளவு மென்பொருளின் இலக்கானதாக 2019இல் வாட்ஸ்அப் நிறுவனமே அவருக்குத் தெரிவித்தது. கருவிக்குள்ளேயே ஒற்றன் நுழைந்தபின் எந்தச் சாளரமும் பயன்படாது.

ஆகவே, கருவியைத் திறக்கும் முன் கேட்க வேண்டியது, ‘யாரிடமிருந்து மறைக்க வேண்டும்?’ என்பதே. பிரவுசிங் சென்டரில் என்றால், மறைவுச் சாளரத்தைப் பயன்படுத்துங்கள். வெளியேறும் முன் பதிவிறக்கிய கோப்புகளை அழித்து, குப்பைத் தொட்டியையும் காலிசெய்யுங்கள். வீட்டில் என்றால், தாவல்களை மூடுவதைப் பழக்கமாக்குங்கள். நிறுவனத்திடமிருந்து என்றால், கணக்கில் உள்நுழையாமல் தேடுங்கள். மறைவுச் சாளரத்திலும் உள்நுழைந்த நொடியில் நீங்கள் யார் என்பது அந்நிறுவனத்துக்குத் தெரிந்துவிடும். இணையச் சேவை நிறுவனத்திடமிருந்து என்றால், டோர் உலாவி போன்றவை உதவும். ஆனால் டோரைப் பயன்படுத்துகிறீர்கள் என்பது அந்நிறுவனத்துக்குத் தெரியக்கூடும்.

இவை தனிமனிதர் செய்யக்கூடியவை. பொதுக் கணினிகளில் தங்கிவிடும் சான்றிதழ்களுக்கு யார் பொறுப்பு, விடுதி வைஃபையின் பதிவுகளை யார் பார்க்கிறார்கள், எவ்வளவு காலம் வைத்திருக்கிறார்கள் என்பவை மாணவர் அமைப்புகள் எழுப்ப வேண்டிய கேள்விகள். நம் சாதியை நம் அனுமதியின்றி அறிந்து பயன்படுத்துவது இச்சமூகத்தின் பழைய வழக்கம். அதனை எதிர்கொள்ளும் உரிமைப் போராட்டத்தை ஓர் உலாவியின் பொத்தானிடம் ஒப்படைக்க முடியாது.