வீட்டுக்கு ஒரு கோல், சர்க்காருக்கு வேறு கோலா?

இங்கிலாந்தில் ஒருவன் தன் சொந்த மனையில், தன் வீட்டையொட்டி ஓர் அறை கட்ட யாருடைய உத்தரவைப் பெறவேண்டும் என்பது அவ்வீடு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சாதாரண ஊரில் இருப்பவன் ஒரு வரம்புக்குள் எவரையும் கேளாமலே கட்டிக்கொள்ளலாம். 'சிறந்த இயற்கை எழில் வாய்ந்த பிரதேசம்' என்று சட்டப்படி குறிக்கப்பட்ட நிலப்பரப்பில் இருப்பவனோ பெரும்பாலும் ஸ்தல ஸ்தாபனத்தின் வாசலுக்குப் போய்த்தான் தீரவேண்டும். அந்நாட்டில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு நிலம் இவ்விதம் குறிக்கப்பட்டிருப்பதால், இதை யாரோ சிலருடைய தொல்லையென்று தள்ளிவிட முடியாது.

2015-ம் வருஷத்து உத்தரவின்படி, தனித்து நிற்கும் வீட்டின் பின்புறம் 4 மீட்டரும், பிற வீடுகளுக்கு 3 மீட்டரும் ஒற்றைத் தளமாக நீட்டிக்கொள்ளலாம். மற்ற இடங்களில், கவுன்சிலுக்கு முன்னதாகத் தெரிவித்து, அண்டை வீட்டாரின் ஆட்சேபத்துக்கும் இடங்கொடுத்து, இதை 8 மீட்டர், 6 மீட்டர் வரையில் வளர்க்கலாம். எழில் பிரதேசத்தில் இச்சலுகை கிடையாது. பக்கவாட்டில் அறை சேர்ப்பதற்கும், பின்புறம் மாடி எழுப்புவதற்கும், கூரையைப் பெருக்கி அறையாக்குவதற்கும், வெளிச்சுவருக்குப் பலகையோ ஓடோ போர்த்துவதற்கும்கூட மனுச் செய்து அனுமதி பெறவேண்டும். இது தடையன்று, கேட்டுச் செய் என்ற நிபந்தனையே.

இந்த நிபந்தனையை நாம் ஆட்சேபிக்கவில்லை. நாம் சுதந்திரம் பெற்ற அதே 1947-ல், ஆட்லியின் தொழிற்கட்சி மந்திரி சபை ஒரு பெரிய காரியத்தைச் செய்தது. நிலம் உடையவனுக்கே இருக்கட்டும், அதில் கட்டிடம் எழுப்பும் உரிமை சமூகத்தின் சம்மதத்துக்கு உட்பட்டது என்று சட்டமியற்றிற்று. 1949-ம் வருஷத்துச் சட்டம் தேசீயப் பூங்காக்களுக்கும் எழில் பிரதேசங்களுக்கும் வழி வகுத்தது. 1966-ல் குறிக்கப்பட்ட காட்ஸ்வோல்ட்ஸ் குன்றுகளில் தேன் நிறக் கல்லால் கட்டிய கிராமங்கள் இன்றும் உருக்குலையாதிருப்பதற்கு இத்தகைய கண்டிப்பும் ஒரு காரணம். சுவர் ஒருவனுக்குச் சொந்தமாயினும், அது கெடுக்கும் காட்சி ஊருக்குச் சொந்தமல்லவா?

ஆனால் பாரம் யார் தலையில் விழுகிறது? வீட்டு விஸ்தரிப்பு மனுவின் கட்டணம் 2025 ஏப்ரலில் 258 பவுனிலிருந்து 528 பவுனாக ஒரே தாவலில் உயர்த்தப்பட்டது. வரைபடம் போடுபவரின் கூலி வேறு. மனுவைத் தீர்க்க 8 வாரத் தவணை. லண்டனிலிருந்து வந்து ஓய்வுக்கென்று இரண்டாவது வீடு வாங்கும் தனவானுக்கு இது கைச்செலவு. அவர் வாங்குவதாலேயே விலையேறிப்போன கிராமத்தில், வேறு வீடு வாங்க வழியின்றி, வளர்ந்துவிட்ட பிள்ளைகளுக்கு ஓர் அறை கட்ட விரும்பும் உள்ளூர்த் தொழிலாளிக்கு இதுவே ஊரைவிட்டுப் போவதா இருப்பதா என்ற பிரச்னை.

இதே சர்க்கார் தன் விஷயத்தில் எவ்வளவு கண்டிப்பாக இருக்கிறது? விசேஷ காரணமும் பொது நன்மையும் இருந்தாலொழிய எழில் பிரதேசத்தில் பெரிய நிர்மாணம் கூடாதென்பது அதுவே வகுத்த கொள்கை. ஸபோக் கடற்கரை எழில் பிரதேசத்தில் 'சைஸ்வெல் ஸி' அணுமின் நிலையத்துக்கு 2022 ஜூலையில் மந்திரி அனுமதி அளித்தார். தண்ணீர் ஏற்பாடு முடிவாகாத நிலையில் அனுமதி தகாதென்று விசாரணை அதிகாரிகள் கூறிய யோசனை ஏற்கப்படவில்லை. மின்சாரம் வேண்டியதுதான், அணு நிலையம் அங்கே ஏற்கெனவே இருந்ததும் மெய்தான். அந்த விசேஷ காரணங்களை நாம் ஏளனம் செய்யவில்லை. மந்திரியின் காரணத்தை எடைபோடத் தராசு கிடைக்கிறது. குடித்தனக்காரனின் காரணத்துக்கு அளவு நாடாதான் கிடைக்கிறது.

2023-ம் வருஷத்துச் சட்டம், இயற்கை எழிலை வளர்க்க முயல்வது மந்திரிகள் உள்ளிட்ட பொது அதிகாரிகள் அனைவருக்கும் கடமையென்று முன்னிருந்ததைவிட அழுத்தமாக விதித்திருக்கிறது. அக்கடமையை அவர்கள் முதலில் தங்கள் நிர்மாணங்களில் காட்டட்டும். நிரந்தரமாகக் குடியிருப்போரின் சிறு விஸ்தரிப்புகளுக்குக் கட்டணத்தைப் பழைய அளவுக்கே இறக்கட்டும். உள்ளூர்க் கல்லையும் கூரைச் சரிவையும் அனுசரித்த மாதிரிப் படங்களைக் கவுன்சில்களே இலவசமாகக் கொடுக்கட்டும்.